மறுகரையில் பதினொரு பேர்

"கண்ணை மூடினால் மனம் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை, தாயே. எனக்கு இது வராது போலிருக்கிறது" என்றார் கர்னல் வெண்ட்லாண்ட்.

அவருக்கு அறுபது வயது. பதினெட்டு வயதில் ஜெர்மன் ராணுவத்தில் சேர்ந்தவர். இரண்டாம் உலகப்போர், அதன்பின் சிறைமுகாம், ஊர் திரும்பியதும் மறுபடி ராணுவம். ஓய்வு பெற்று, கண்டி மலையிலிருந்த அந்தப் பௌத்த மடத்துக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

மடத்தின் தலைவி துறவி சுமேதா அவரைவிட இருபது வயது இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எங்கே போகிறது மனம்?"

"ரஷ்யாவுக்கு. அங்கே ஒரு பாலத்துக்கு."

"சொல்லுங்கள்."

கர்னல் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேலதிகாரியிடம் அறிக்கை கொடுக்கும் குரல் வந்துவிட்டது.

"பின்வாங்கிக்கொண்டிருந்தோம். நான்கு மணிக்குப் பாலத்தைத் தகர்க்க உத்தரவு. சரியாக நான்கு மணிக்குத் தகர்க்கப்பட்டது. எங்கள் ஆட்கள் பதினொரு பேர் மறுகரையில் விடப்பட்டார்கள். எனக்குப் பதக்கம் வழங்கப்பட்டது. மேஜராக உயர்த்தப்பட்டேன்."

"தகர்க்கப்பட்டது, விடப்பட்டார்கள் என்கிறீர்கள். நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

கர்னல் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"அந்தப் பதினொரு பேரின் உறவுகள் யாரையாவது தெரியுமா?"

"சார்ஜென்ட் ப்ரூனோ ஹால்ட்டுக்கு ஒரு மகள். பள்ளி ஆசிரியை. அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு எனக்கு மூன்று தடவை எழுதினாள்."

"நீங்கள்?"

"'போரில் காணாமல் போனார்' என்று பதில் அனுப்பப்பட்டது."

சுமேதா கீரையைத் தள்ளி வைத்தார். உள்ளே போய்க் காகிதமும் பேனாவும் எடுத்து வந்தார்.

"இனி நீங்கள் தியானத்துக்கு வர வேண்டாம். அவளுக்கு எழுதுங்கள்."

மறுநாள் காலையில் கர்னல் கடிதத்தோடு வந்தார்.

"எனக்கு ஜெர்மன் தெரியாது. வாசித்து அர்த்தம் சொல்லுங்கள்" என்றார் சுமேதா.

"'மதிப்புக்குரிய ஹெட்விக், தவிர்க்க முடியாத சூழ்நிலையில் உங்கள் தந்தை...'"

"இதை எழுதியது யார்?"

"நான்தான், தாயே."

"உங்கள் ராணுவம் எழுதியிருக்கிறது. நீங்கள் எழுதிக்கொண்டு வாருங்கள்."

ஒரு வாரம் கர்னலை யாரும் வெளியே பார்க்கவில்லை. அறை வாசலில் வைத்த சோறு பாதிக்குமேல் அப்படியே திரும்பி வந்தது.

எட்டாம் நாள் வந்தார். சவரம் செய்திருக்கவில்லை. நின்றபடியே வாசித்தார்.

"'ஹெட்விக், நான்கு மணி ஆக இரண்டு நிமிடம் இருந்தது. உங்கள் அப்பா பாலத்தின் அந்த முனைக்கு வந்துவிட்டார். காயம்பட்ட ஒருவனை முதுகில் சுமந்திருந்தார். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். காத்திருங்கள் என்று அர்த்தம். எதிரிகள் யாரும் இன்னும் கண்ணில் படவில்லை. நான் காத்திருந்திருக்கலாம்...'"

கர்னல் காகிதத்தைத் தாழ்த்தினார்.

"மேலே படியுங்கள்."

"'நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு ஆனதும், தகர்த்துவிடுங்கள் என்று சொன்னேன். நான்தான் சொன்னேன்.'"

கர்னல் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் அழுதார்.

"இதைப் படித்தால் அந்தப் பெண் என்னை மன்னிக்கவே மாட்டாள், தாயே."

"மாட்டாள்தான்" என்று சொல்லி, சுமேதா ஓர் உறையை நீட்டினார். "விலாசம் எழுதுங்கள்."