வாயிலில் பருப்பு பார்த்தவர்கள்

நெடுங்கரைக் குன்றின் கற்பள்ளியில் வாழ்ந்த சமணப் பெண்துறவியைக் குரத்தியார் என்று நாடே அழைத்தது. இளமையில் அவரிடம் பாடம் கேட்டவன் மன்னன் வழுதி. ஐம்பதாம் வயதில், காவலர் எவருமின்றி, அவன் மறுபடியும் குன்றேறி வந்தான்.

அவன் நகரில் நானூறு பேருக்குக் கால்கள் விறைத்துவிட்டன. துவரையோடு கலந்து விற்ற, துவரை போலவே தோன்றும் நச்சுக் கேசரிப் பருப்பை மாதக்கணக்கில் உண்டவர்கள் அவர்கள்.

முன்பு நகர வாயில்களில் தானியம் பார்க்கும் அலுவலர்கள் இருந்தார்கள். எதைத் தடுப்பது என்று அவர்களுக்குச் சொல்ல மருத்துவர் அவை இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வழுதி இரண்டையும் கலைத்தான். இருபத்தேழு ஆண்டுகளில் அவர்கள் ஒரு கெட்ட மூட்டையையும் பிடித்ததில்லை, அவரவர் பருப்பை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றான். மக்கள் அவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள்.

"பிடிபடும் என்று தெரிந்த மூட்டையை எவன் சுமந்து வருவான்?" என்றார், இதையெல்லாம் அவன் சொல்லக் கேட்ட குரத்தியார்.

மறுநாள் அவன் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கலந்து விற்ற வணிகர்களை நாடு கடத்தினால் ஊர் அடங்கிவிடும் என்று அமைச்சர்கள் கூறியிருந்தார்கள். அது போதுமா என்று கேட்கவே வந்திருந்தான்.

குரத்தியார் ஒரு முறத்தை அவன்முன் வைத்தார். நகர மக்கள் கொண்டுவந்து காட்டிய பருப்பு அதில் இருந்தது. நல்லதைப் பிரித்துத் தரச் சொன்னார்.

வழுதி உச்சிப்பொழுதுவரை குனிந்திருந்தான். அவன் பிரித்த இரு குவியல்களையும் அவர் விரலால் கிளறிப் பார்த்தார். இரண்டிலும் கேசரி இருந்தது.

"நான் மன்னன், அடிகள். பருப்பு வணிகன் அல்லன்."

"அந்த நானூறு பேரும் அல்லர்."

அவன் முகம் கறுத்தது. அவர் நிறுத்தவில்லை.

"அரண்மனையில் எத்தனை பேருக்குக் கால் விளங்கவில்லை?"

"ஒருவருக்கும் இல்லை."

"ஏன்?"

"மடைப்பள்ளியில் பருப்பு பார்க்க ஒருவர் இருக்கிறார்."

"அவரை மட்டும் ஏன் நீக்கவில்லை?"

வழுதி முறத்தைத் தள்ளி வைத்தான். பிறகு, அந்த ஒருவரையே நகரத்துக்குத் தந்துவிடுவதாகச் சொன்னான்.

"நகரத்துக்கு எத்தனை வாயில்கள்?"

"பதினான்கு."

"அவர் ஒன்றில் உட்காருவார். மூட்டைகள் பதின்மூன்றில் வரும்."

வாயிலுக்கு இருவர் வேண்டும் என்றார். அவர்களுக்குக் கற்பிப்போர் வேண்டும். மருத்துவர் அவை மீண்டும் கூட வேண்டும். அதன் சொல், மன்னனுக்குக் கசந்தாலும் நிற்க வேண்டும்.

"இவ்வளவு செய்தால், விழுந்தவர்கள் நடப்பார்களா?"

"மாட்டார்கள்."

"பிறகு யாருக்காக?"

"இன்று காலை உண்டவர்களுக்காக."

வழுதி எழுந்தான். படிவரை போனவன் திரும்பி நின்றான். இந்த முறை அவன் குரல் தாழ்ந்திருந்தது.

"இருபது ஆண்டுகள் கழியும். ஒரு கெட்ட மூட்டையும் வராது. இத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே என்று ஊர் மறுபடியும் சிரிக்கும், அடிகள்."

"சிரிக்கட்டும்" என்றார் குரத்தியார். "நின்றுகொண்டு சிரிப்பார்கள்."