கிளிகள் கொட்டிய ‘ம்’

அந்தக் காலத்தில் கிளிகளுக்கும் மனிதர்களுக்கும் பேச்சுவார்த்தை இருந்தது. சண்டையும் இருந்தது. மலைச்சரிவில் தினை முற்றினால் போதும், கிளிக்கூட்டம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிடும். விரட்டுவதற்கு வீட்டுக்கு ஒரு பெண்பிள்ளை பரண் மேல் கவணோடு உட்கார்ந்திருப்பாள்.

மாதன் வீட்டில் அந்த வேலை மகள் சிலம்பாயிக்கு. அடேயப்பா, அப்படி ஒரு காவல்காரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்! கவணில் கல்லை வைப்பாள், கையை ஓங்குவாள், ஓங்கிய கை அப்படியே நிற்கும். கண் எதிர்மலையில் இருக்கும், மனசு அதற்கும் அந்தப் பக்கம் போயிருக்கும். கீழே கிளிகள் பந்தி போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுப் போகும்.

போன வருஷம் அப்படித்தான் மொத்தத் தினைப்புனமும் போனது. குடும்பமே காட்டுக்கிழங்கைத் தோண்டித் தின்று உயிரைப் பிடித்து வைத்திருந்தது. மிச்சமிருந்த விதையை எல்லாம் இந்த வருஷம் விதைத்தாகிவிட்டது. இதுவும் போனால் மலையை விட்டு இறங்கவேண்டியதுதான்.

“அப்படி என்னதான்டி யோசனை உனக்கு?” என்று அம்மா நல்லாயி கேட்டாள். ஒரு மேகம் மாப்பிள்ளைக்கோலத்தில் ஊருக்குள் பெண் கேட்டு வந்ததைப் பற்றி யோசித்தேன் என்று எந்தப் பிள்ளைதான் சொல்லும்?

“இந்தத் தடவை கோட்டை விட்டியானா, தோலை உரிச்சிடுவேன்” என்றான் மாதன். அம்மாவும் அப்பாவும் கிழங்கு தோண்டக் காட்டுக்குப் போனார்கள்.

பாவம், அவளும் ரோஷத்தோடுதான் பரண் ஏறினாள். உச்சிவேளை வரை கல் வீசினாள். அப்புறம் மேகம் வந்துவிட்டது, மாப்பிள்ளை மேகம்! திரும்பிப் பார்த்தால் ஓரத்துக் கதிரெல்லாம் மொட்டை. அவளுக்கு வந்ததே ஆத்திரம், கல்லோடு சேர்த்துக் கவணையே வீசிவிட்டாள். அது பள்ளத்தில் போய் விழுந்தது.

கிளிகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! “இனிமே எங்களை எதை வெச்சு விரட்டுவே புள்ளே?” என்று கேட்டது கூட்டத்தின் மூத்த கிளி.

சிலம்பாயிக்கு அழுகை முட்டியது. கையில் ஒன்றும் இல்லை. இருந்தது வாய் ஒன்றுதான்.

“விரட்டலை. மேகம் பொண்ணு கேட்டு வந்த சேதி உங்களுக்குத் தெரியுமா?” என்றாள்.

“மேகமா? பொண்ணா?” மூத்த கிளி கதிரை விட்டுத் தலையைத் தூக்கியது.

சொல்ல ஆரம்பித்தாள். மாப்பிள்ளை மேகம் வாசலில் வந்து நின்றதும் பெண்வீட்டு அடுப்பு நனைந்து அணைந்துபோனது. பாய் விரித்தார்கள், பாய் மிதந்தது. பெண்ணின் அண்ணன்காரன் பொல்லாதவன், மேகத்தைப் பிடித்துத் தானியக் குதிருக்குள் அடைக்கத் திட்டம் போட்டான். கிளிகள் ஒவ்வொன்றாகப் பரணுக்கு வந்து உட்கார்ந்தன. ஆனால் திருட்டுப் புத்தி எங்கே போகும்? பின்வரிசையில் நாலைந்து, காதை இங்கே வைத்துவிட்டு அலகைக் கதிரில் வைத்திருந்தன.

சிலம்பாயி சட்டென்று நிறுத்தினாள்.

“ஏன் நிறுத்திட்டே?” என்று கத்தின கிளிகள்.

“நான் ஒவ்வொரு பேச்சு முடிக்கறப்பவும் எல்லாரும் ‘ம்’னு சொல்லணும். ஒரு குரல் குறைஞ்சாலும் கதை கிடையாது.”

கெட்டிக்காரி! வாயை மூடினால்தான் ‘ம்’ வரும், மூடிய அலகால் கதிரைக் கொத்த முடியுமா? அவள் சொல்லச் சொல்லக் கிளிகள் ‘ம்’ கொட்டின. பொழுது சாயும்போது மேகத்தைக் குதிருக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, “மிச்சம் நாளைக்கு” என்று இறங்கிவிட்டாள். மறுநாள் விடியும்போதே கிளிகள் வந்து காத்துக் கிடந்தன. இத்தனை வருஷம் சும்மா உட்கார்ந்து கண்டதெல்லாம் அவளுக்கு இப்போது கைகொடுத்தது. கதை வளர்ந்தது, கூடவே தினையும் முற்றியது.

அறுவடைக்கு முந்தின நாள் காட்டிலிருந்து சீக்கிரமே திரும்பிய மாதன், புனத்தில் கவண் சத்தமே இல்லாததைக் கவனித்தான். மறுபடியும் பராக்குப் பார்க்கிறாள் என்று ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு வந்தான். வந்தவன் பரணுக்குக் கீழே நின்றுவிட்டான். கதிர்கள் அப்படியே தலை சாய்த்து நின்றன. மேலே, கதையில் குதிரின் கதவு திறக்கப்போகிற நேரம்.

“உள்ளே மேகம் இருக்குதா, இல்லையான்னு அந்தப் பொண்ணு கையை விட்டுப் பார்த்தா...” என்றாள் சிலம்பாயி.

“ம்” என்றன கிளிகள். கூடவே கட்டைக் குரலில் இன்னொரு ‘ம்’.

“யாரது?” என்று அவள் குனிந்து பார்த்தாள். குச்சியோடு அப்பா!

“நான்தான்மா” என்று மாதன் குச்சியைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. “நிறுத்தாதே தாயி. கையை விட்டுப் பார்த்தா?”

மறுநாள் கதிர் அறுக்க வந்தவர்களிடம் எல்லாம், “இத்தனையும் என் மக சொல்லிச் சொல்லியே காப்பாத்தின தினை” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான் மாதன். அடுத்த வருஷம் ஊரே கேட்டுக்கொண்டதால் பெரிய பரணாகக் கட்டிக் கொடுத்தான். காவலுக்கு இல்லை, கதைக்கு!

கதை கேட்கிறவர்கள் ‘ம்’ கொட்டுவதும், சொல்கிறவர் அந்த ‘ம்’ வரும்வரை அடுத்த வார்த்தையை எடுக்காமல் இருப்பதும் அன்று முதல்தான்.