வெள்ளையன் கரிச்சான் ஆனது

அந்தக் காலத்தில் பறவையும் மானும் மனுஷரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். மலையடிவாரப் புல்வெளியில் அப்போது கரிச்சான் கிடையாது. வெள்ளையன் என்றொரு குருவிதான் இருந்தது. உடம்பு முழுக்க வெள்ளை, அழகான வட்ட வால். அந்த வாலால் அதற்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த வருஷம் புல்வெளியில் எல்லாருக்கும் ஒரே கவலை. பழைய புல் காய்ந்து மெத்தையாக மூடிக் கிடந்ததால் அடியில் புதுப்புல் முளைக்க வழியில்லை. போதாக்குறைக்கு முள்செடி நாலாபுறமும் ஏறி வந்தது. மான்கள் எலும்பும் தோலுமாகத் திரிந்தன. கோடைக்காற்றில் தானாகத் தீப்பிடித்தால் மரங்களும் மிஞ்சாது.

"பனி ஈரம் இருக்கறப்பவே நாமளே கொஞ்சங் கொஞ்சமாக் கொளுத்திடணும்" என்றாள் அடிவாரக் குடிசையில் இருந்த நஞ்சி. அந்தக் காட்டில் அவள் ஒருத்தியின் அடுப்பில்தான் நெருப்பு இருந்தது. சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் உள்ளூரப் பயம்தான். "வெள்ளையா, உள்ளே யாராச்சும் கூடு வச்சிருக்காங்களான்னு பாத்துட்டு வா. நீ சொன்னாத்தான் தீ வைப்பேன்."

வெள்ளையன் உயரத்தில் ஒரு வட்டம் அடித்தது. முள்ளுக்குள் இறங்கினால் வால் கிழியுமே என்று அதற்குக் கவலை.

"ஒண்ணுமில்லக்கா. தாராளமா வையுங்க."

நஞ்சி சுற்றிலும் புல்லைச் செதுக்கிவிட்டு, காற்றுக்கு எதிராக ஊரும்படி தீ வைத்தாள். தீ மெல்லத்தான் நகர்ந்தது. அப்போது ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போயிருந்த கவுதாரி தலைதெறிக்க ஓடி வந்தது.

"ஐயோ, என் முட்டை! புல்லுக்குள்ளதான் இட்டு வச்சிருக்கேன். யாருமே பாக்கலியா?"

நஞ்சி பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு தீயை அடிக்கப் பாய்ந்தாள். புகை அவளை உள்ளே விடவில்லை. வெள்ளையன் கவுதாரியிடம் பறந்து வந்தது.

"எந்த இடம்? சீக்கிரம் சொல்லு, எந்த இடம்?"

"அந்த நெல்லி மரத்தடியில!"

வெள்ளையன் புகைக்குள் விழுந்தது. கூட்டைச் சுற்றியிருந்த சருகை அலகால் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தது, வாலால் பெருக்கித் தள்ளியது. தீ கிட்ட வந்தது. அந்த வெறுந்தரையில் தின்ன ஒன்றும் கிடைக்காமல் இரண்டாகப் பிரிந்து கூட்டைச் சுற்றிப் போனது. வெள்ளையன் வெளியே வந்தபோது உடம்பெல்லாம் கரி. வால் நடுவே பொசுங்கி, இரண்டு முனை மட்டும் மிச்சம்.

கவுதாரி சூடான சாம்பலில் நடந்து போய் முட்டைகள்மேல் உட்கார்ந்தது. உள்ளே உயிர் இருக்கிறதா என்று அதற்கே தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்த குருவிக்குக் கேட்கவும் பயம்.

சில நாளில் மழை விழுந்தது. முள்செடி கருகிய இடத்திலெல்லாம் புல் பச்சைப்பசேல் என்று கிளம்பியது. மான்கள் திரும்பி வந்தன. மரங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாரும் நஞ்சியைக் கொண்டாடினார்கள். கவுதாரி மட்டும் இடத்தை விட்டு எழவில்லை.

கடைசியில் ஒரே ஒரு முட்டை பொரிந்தது. மற்றவை பொரியவே இல்லை.

"நீ கீழே இறங்கிப் பாத்திருக்கலாம்" என்றது கவுதாரி. பிறகு குஞ்சைக் கூட்டிக்கொண்டு புதுப்புல்லுக்குள் போய்விட்டது.

மழையில் நனைந்தும் வெள்ளையன்மேல் படிந்த கரி போகவில்லை, அது கரிச்சான் ஆகிப்போனது. அன்று முதல்தான் எங்கே புல் எரிந்தாலும் கரிச்சான் தன் பிளந்த வாலோடு தீக்கு முன்னால் தாழப் பறந்து கத்துகிறது. பூச்சி பிடிக்க வருகிறது என்று நாம் சொல்கிறோம். பிடிக்கவும்தான் செய்கிறது. ஆனால் அதன் கண் தரையில்தான் இருக்கிறது, யாருடைய முட்டையாவது கிடக்கிறதா என்று.