கலரான செவ்வந்தி

வாயைத் திற தேனு. திறங்கிறேன்ல? இந்தா, நாக்கெல்லாம் செம்மண்ணு. மறுபடியும் சுவத்தைச் சுரண்டித் தின்னியா? கொப்பளிச்சுத் துப்பு. வந்து அத்தை மடியில படு. இன்னைக்கு ராஜா கதை கிடையாது, வேற கதை. "ம்" கொட்டணும், சரியா?

"ம்."

ஒரு மலையில ஒரு டீ எஸ்டேட்டாம். அங்க லயத்து வரிசை வீட்டுல வேலம்மான்னு ஒருத்தி, கொழுந்து பறிக்கிறவ. அவளுக்கு ஒரே பொண்ணு செவ்வந்தி. உன் வயசுதான், நாலு. வேலைக்குச் சங்கு ஊதினா ஓடணுமே, அதனால காலையில ஒரு டம்ளர் டீத்தண்ணி, நனைச்சுத் திங்க ஒரு பன்னு. மத்தியானமும் அதேதான். ராத்திரி கீரைச் சோறு ஊட்டினா புள்ளை தூன்னு துப்பும். "சரி, அழாத"ன்னு அதுக்கும் டீத்தண்ணி. வயிறு ரொம்பிடும். ரத்தம் ஊறுமா? எப்படி ஊறும்?

அப்புறம் செவ்வந்திக்கு மண்ணு மேல ஆசை வந்துது. லயத்துக்குப் பின்னாடி ஒரு செம்மண் மேடு. மழை பெஞ்சா கமகமன்னு வாசம். போய்ப் பிட்டு வாயில போட்டா. நறநற, நறநற. அப்போ மண்ணு பேசுச்சாம்: "சும்மா தர மாட்டேன் புள்ள. உன் கன்னத்துச் சிவப்பைக் குடு."

"எடுத்துக்கோ"ன்னா. கன்னம் வெளுத்துப் போச்சு.

லயமே கூடி, "வேலம்மா, உன் பொண்ணு என்னமா கலராயிட்டா!"ன்னுது. வேலம்மா கறுப்பு. சின்ன வயசுலேர்ந்து "கறுப்பி, கறுப்பி"ன்னு ஏச்சு வாங்கினவ. அவளுக்குத் தலைகால் புரியல. கண்ணு பட்டுடக் கூடாதுன்னு புள்ளை கன்னத்துல மை வெச்சா.

"ம்."

அப்புறம் மறுபடியும் நறநற. "உதட்டுச் சிவப்பைக் குடு"ன்னுது மண்ணு. குடுத்தா. துள்ளிக்கிட்டு இருந்த புள்ளை வாசப்படியில சாஞ்சே கிடந்துது. "எவ்வளவு அடக்கம்!"னு அதுக்கும் மெச்சல். பக்கத்து வீட்டு ரோசலின் மட்டும்தான் சொன்னா: "அக்கா, இது கலரு இல்ல, ரத்தம் இல்லாத வெளுப்பு. ஆஸ்பத்திரியில காட்டு. டீத்தண்ணியை நிறுத்து. ஈரலு, கீரை, கேப்பைக் கூழுன்னு குடு."

"என் பொண்ணு வெள்ளையா இருந்தா உனக்கு ஏன்டி வயித்தெரிச்சல்?"

படார்! கதவைச் சாத்திட்டா. அவ மேல எனக்கு வர்ற ஆத்திரம் இருக்கே! பாவம், கறுப்பின்னு அவளை அழ வெச்சவங்களைத்தான் முதல்ல உதைக்கணும்.

அப்புறம் மூணாவது தடவை. "கண்ணுக்குள்ள இருக்கிற சிவப்பைக் குடு"ன்னுது மண்ணு. அதையும் குடுத்தா. நாலடி நடந்தா நெஞ்சு திக்திக், மூச்சு புஸ்புஸ்.

மழைக்காலம் வந்துது. லயத்துல எல்லாப் புள்ளைகளுக்கும் காய்ச்சல். மத்ததுங்க எந்திரிச்சு விளையாடப் போயிடுச்சுங்க. செவ்வந்தியால முடியல. அப்போ மண்ணு வாசல்ல வந்து நின்னு கூப்பிடுச்சாம்: "வா புள்ள."

"குடுக்க என்கிட்ட ஒண்ணுமே இல்லையே"ன்னா.

"நீ இருக்கியே"ன்னுது மண்ணு.

என்ன, "ம்" சத்தத்தையே காணோம்?

"ம்."

அந்தச் செம்மண் மேட்டுலதான் அவளை வெச்சாங்க. குளிப்பாட்டினப்போ வேலம்மா பாத்தா. புள்ளை உடம்புல நிறம்னு மிச்சம் இருந்தது, அவ வெச்ச மைப் பொட்டு மட்டும்தான். அதைத் துடைக்க அவளுக்குக் கை வரல.

"மண்ணு திருப்பித் தராதா அத்தை?"

தராதும்மா.

எங்க, இப்படித் திரும்பு. கண்ணைக் காட்டு, கீழ் இமையை இழுத்துப் பாக்குறேன். அசையாத. ம்... வெளுத்துத்தான் இருக்கு. நேத்து உங்கம்மா, "தேனு கலராயிட்டு வர்றா பாரு அண்ணி"ன்னு சொல்லிச் சிரிச்சா. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன்.

காலையில சங்கு ஊதட்டும், யாரு வேலைக்குப் போனா என்ன, நாம ஆஸ்பத்திரிக்குப் போறோம். கதை முடிஞ்சுது, மலையை விட்டு இறங்கிடுச்சு. கண்ணை மூடு.