இரண்டு லட்சம் சாக்குச் சட்டை

"நாற்பது நொடி!" என்றான் சடகோபன். "ஒரு தடவை திறக்க நாற்பது நொடி! இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியிடணும். எவன் காத்திருப்பான்? கேக்குதா?"

குரு கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் பேசவே இல்லை.

"கேக்குது சார்," என்றாள் அப்புறம். "நாற்பது நொடி எவ்வளவுன்னு பார்த்தேன்."

இது ஒரு கேமுக்குள் நடக்கிறது. கேமின் பெயர் ஏழ்கோட்டை. புதிதாக வருகிறவன் முதலில் வந்து விழுகிற இடம் புன்செய்ப்பட்டி. ஒரு கிணறு, ஒரு தினைக்கொல்லை, ஒரு காட்டுப்பன்றி, பின்னால் ஒரு மலை. வேறு ஒன்றும் கிடையாது. பத்து நிமிஷத்தில் எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள்.

குரு போகவில்லை. நாலு வருஷமாக அங்கேயேதான். லெவல் மூன்று. பெயர் ஓட்டைச்சட்டி. நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் என்று அவளே ஒருமுறை சொன்னாள். குரலை வைத்துப் பார்த்தால் பதினேழு இருக்கும்.

சடகோபனுக்கு முப்பத்தாறு. கேமை உண்டாக்கின கம்பெனியில் கவசத்துக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. கேமுக்குள் வந்தால் உடம்பு முழுக்கப் பொன் கவசம், தோளுக்கு ஒரு சிங்கத் தலை. ஆனால் வேலையில் எங்காவது சிக்கிக்கொண்டால், சாக்குச் சட்டை போட்ட இவளிடம்தான் வருவான். குருவே என்று முதலில் கிண்டலாகத்தான் கூப்பிட்டான். கிண்டல் போய்விட்டது. பெயர் நின்றுவிட்டது.

"அப்படி என்னதான் செஞ்சீங்க?"

அவன் சொன்னான்.

இதுவரை ஆளுக்கொரு இரும்புப் பெட்டி. அதில் அறுபது அறை. அறுபத்தோராவது கவசம் கிடைத்தால் பழசில் ஒன்றை எறிந்தாக வேண்டும். அதை அவன் நாலு மாசம் உட்கார்ந்து மாற்றிவிட்டான். இனிமேல் பெட்டி இல்லை. அணிமாடம். இருக்கிற கவசத்தின் உருவமெல்லாம் மாடத்தில் ஏறிவிடும். இடம் தீரவே தீராது. போட்டிருக்கிற கவசத்தின் மேல் பிடித்த உருவத்தைப் போர்த்திக்கொள்ளலாம். இதிலிருந்து தோள், அதிலிருந்து மார்பு, மேலே நீலச் சாயம். அவனவன் இஷ்டம்.

"நல்லாருக்கே," என்றாள் குரு.

"நல்லாத்தான் இருக்கு. உன் சட்டைதான் கெடுக்குது."

குரு குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள்.

புதிதாக வருகிற எல்லோருக்கும் கேம் கொடுப்பது இந்தச் சாக்குச் சட்டைதான். பலம் ஒன்று. அதாவது ஒன்றுமே இல்லை. முதல் அடி எங்கே விழுகிறதோ அங்கே கிழியும். ஆரம்பத்தில் யாரோ ஆசைப்பட்டு இப்படிச் செய்துவிட்டு, கம்பெனியை விட்டே போய்விட்டார்.

"மத்த கவசமெல்லாம் ஒரு மாதிரிக்கு ஒரு படம் இருந்தா போதும்," என்றான் சடகோபன். "லட்சம் பேர் வெச்சிருந்தாலும் அதே படம்தான். இது ஆளுக்கொரு கிழிசல். ஆளுக்கொரு படம். ரெண்டு லட்சத்து முப்பத்தோராயிரம் படம். எல்லாருக்கும் பொதுவா ஒரே மாடம், அதுக்கு மூச்சு முட்டுது."

"யார் போடறாங்க இதை?"

"யாரும் போடறதில்ல."

"அப்ப எறிஞ்சிருப்பாங்களே."

"அதான் இல்ல! கிடைக்கறதுக்கே அரிதான யாளிக் கவசத்தை எறிஞ்சிருக்கான். இதை எறியல. அறுபது அறையில ஒண்ணு இதுக்கு. பைத்தியக்கார ஜனம்."

"அதனால?"

"தைக்கப் போறேன். பட்டன் ரெடி. ஒரு அமுக்கு, எல்லாக் கிழிசலும் மூடிடும். எல்லாருக்கும் புதுச் சட்டை. ஒரே சட்டை, ஒரே படம். ஒரு நொடியில திறந்துடும். யாருக்கும் ஒண்ணும் குறையப் போறதில்ல. நல்லதுதானே?"

"அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க?"

ஏனோ வந்துவிட்டான், அவ்வளவுதான்.

குரு எழுந்தாள்.

"அந்தச் சிங்கத்தையெல்லாம் விட்டுட்டு, புதுசா ஒரு ஆளா வாங்க."

"மணி நாலே முக்கால்!"

"பன்னிக்கு மணி தெரியாது சார்."

முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனான். வேறு பெயரில் உள்ளே வந்தான். லெவல் ஒன்று. கையில் ஒரு குச்சி. மேலே சாக்குச் சட்டை, கிழியாதது.

கொல்லையில் பன்றி தினையை மேய்ந்துகொண்டு நின்றது. எத்தனை அடியில் விழும் என்று அவனுக்குத் தெரியும். மூன்று. ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

பன்றி தலையைத் தூக்கிப் பார்த்தது.

அவன் ஓடினான்.

ஏன் என்று கேட்கக் கூடாது. ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிற ஆள், இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு ஓடினான்.

பன்றி விடவில்லை. டர்ர்.

குரு ஒரு கல்லை விட்டெறிந்து பன்றியைத் துரத்தினாள்.

"எங்க சார் கிழிஞ்சுது?"

"முதுகுல."

"நின்னிருந்தா?"

"நெஞ்சுல கிழிஞ்சிருக்கும்."

"ம்," என்றாள் குரு. "இப்ப மத்தவங்க பெட்டியைத் திறங்க."

"யாரோடதை?"

"எல்லாரோடதையும். இந்தச் சட்டையை மட்டும் எடுத்து இங்கயே காயப்போடுங்க."

கம்பெனி ஆள் அவன். அந்த அதிகாரம் அவனுக்கு உண்டு. தனக்கும் குருவுக்கும் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, கட்டளையைத் தட்டினான்.

முதலில் ஒரு வரிசை வந்தது. கொடியில் போட்ட துணி மாதிரி, கொல்லையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை. அதற்குப் பின்னால் இன்னொன்று. கொல்லை தீர்ந்துபோனது. வரிசை தீரவில்லை. மலையடிக்குப் போனது. மலை மேல் ஏறியது. அந்தப் பக்கம் இறங்கியது.

சடகோபன் கடைசி வரிசை எங்கே என்று தேடினான். காணவில்லை.

காற்று அடித்தது. அந்தக் கேமில் காற்று எப்போதும்தான் அடிக்கும், யாரும் கவனிப்பதில்லை. அத்தனை சட்டையும் ஒன்றாக எழும்பி ஒன்றாக அடங்கியது. சாய்ந்த வெயில் ஒவ்வொரு கிழிசல் வழியாகவும் இறங்கித் தரையில் கிடந்தது. ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. தரையெல்லாம் வெளிச்சத் துண்டு. மிதிக்காமல் நடக்க இடமில்லை.

மிதிக்காமல் நடக்கப் பார்த்தான்.

ஒவ்வொரு சட்டையிலும் பெயரும் தேதியும் இருந்தது. தோளில் கிழிந்தது. விலாவில் கிழிந்தது. நெஞ்சில் கிழிந்தது அங்கொன்று, இங்கொன்று. மற்றதெல்லாம் முதுகு. முதுகு. முதுகு.

ஒரு பெயரைப் பார்த்து நின்றான். மலைவிழுங்கி.

ஏழு கோட்டையையும் பிடித்தவன் மலைவிழுங்கி. அவன் வருகிறான் என்று தெரிந்தால் கேமில் சந்தையே காலியாகும்.

சட்டை தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே கிழியாகக் கிழிந்திருந்தது. முதுகுப் பக்கம்.

"இவனுமா?"

"இவனா! நேரா வந்து கிணத்துக்குள்ள குதிச்சிட்டான் சார். உள்ள இருந்துக்கிட்டே, 'அக்கா, பன்னி போயிடுச்சா? அக்கா, பன்னி போயிடுச்சா?' நான் அப்ப எட்டாவது."

சடகோபன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நாலு வருஷம். எத்தனை கவசத்தை எறிந்திருப்பான் இவன், இதை மட்டும் வைத்துக்கொண்டு.

"குருவே, இது எங்க போய் முடியுது?"

"நீங்கதானே எண்ணி வெச்சிருக்கீங்க."

எண்ணித்தான் வைத்திருந்தான். காலையிலிருந்து அந்த எண் அவன் ஸ்க்ரீன் ஓரத்தில் இருந்தது. ஆறு இலக்கம். ஒரு விரலால் மூடிவிடலாம்.

திரும்பி நடந்து வந்தான். கொல்லையின் இந்தக் கோடியில் கடைசியாக ஒரு சட்டை தொங்கியது. இன்றைய தேதி. முதுகு.

அவன் கை தானாகத் தன் முதுகுக்குப் போனது.

ஆபீஸிலிருந்து செய்தி வந்தது: மணி ஐந்து ஐம்பது, அமுக்கியாச்சா?

"குருவே, இப்ப நான் என்ன செய்ய?"

"தையுங்க."

சடகோபன் அவளைப் பார்த்தான்.

"தையுங்க சார். நாற்பது நொடி ரொம்ப ஓவர். எனக்கே பொறுமை கிடையாது." குரு திரும்பி நின்றாள். அவள் சட்டையும் முதுகில்தான் கிழிந்திருந்தது. மலைவிழுங்கியுடையதைவிடப் பெரிசு. "முதல்ல என்னோடது."

"இத்தனையும் காட்டிட்டு..."

"காட்டினேன். அதுக்கென்ன? நான் ஓடினது எனக்குத் தெரியும். சட்டை வந்தா சொல்லணும்?"

சடகோபன் மணியைப் பார்த்தான்.

"அமுக்குங்க சார். மணி ஆகுது."

ஸ்க்ரீனில் பட்டன் இருந்தது. எல்லாவற்றையும் தை. விரலும் அதன் மேல்தான் இருந்தது.

ஐந்து ஐம்பத்தெட்டு. மலை மேல் காற்று எழுந்து, வரிசை வரிசையாக இறங்கி வந்தது.

"ஆச்சா?" என்றாள் குரு, திரும்பாமலே.

ஆறு மணி.

குருவே சொல்லியும் அவன் அமுக்கவில்லை.