குரோதாவுக்கு மூன்று போன்

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. உடனே கேட்கக் கூடாது. திருமாறனே அதற்குப் புதன்கிழமை வரை காத்திருந்தார்.

திருமாறன் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர். அளவு தப்பிய நாலாயிரம் பாகங்கள் ஜப்பான்காரர்களிடம் போய்விட்டன. அவர்களுடைய புது மேலாளர் குரோதா வியாழக்கிழமை வருகிறார். "எனக்குப் பதிலா நீங்களே மன்னிப்புக் கேட்டுடுங்க" என்று எம்.டி. சொல்லிவிட்டார். குரோதா மனம் ஆறாவிட்டால் ஆர்டர் போகும். இரண்டாம் ஷிஃப்டில் அறுபது பேருக்கு வேலை போகும்.

ஞாயிற்றுக்கிழமை தன் ஜப்பானிய ஆசிரியை நிறைமதியைப் பார்க்கப் போனார். திருமாறனைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் ஜப்பானிய வழக்கப்படி 'சென்செய்', அதாவது ஆசிரியர், என்றுதான் கூப்பிடுவார்.

"சென்செய், இன்னொருத்தர் சார்பா பேசுறதை ஜப்பானிய மொழியில இயல்பா எப்படிச் சொல்றது?"

விஷயத்தை முழுசாகக் கேட்டுவிட்டு நிறைமதி ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தார்.

"குரோதாவோடது. அவர் வர்றதுக்கு முன்னாடி போன்லயே மன்னிப்புக் கேட்டுப் பாருங்க."

திங்கட்கிழமை கூப்பிட்டார். எடுத்தது நிறைமதிதான். சிகரெட்டில் கரகரத்துப்போன ஐம்பது வயது ஆண்குரலில் எடுத்தார். இது உங்களுக்குத் தெரிந்தால் போதும், திருமாறனிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

"குரோதா."

திருமாறன் சுத்தமான ஜப்பானிய மொழியில் ஆரம்பித்தார். "தவறு தயாரிப்புப் பிரிவில் நடந்தது. எனக்குச் சம்பந்தமில்லை. எம்.டி. வருத்தம் தெரிவிக்கச் சொன்னார்."

"வருத்தப்படுகிறவர் பக்கத்தில் இருக்கிறாரா?"

"இல்லை."

"இருக்கும்போது கூப்பிடுங்கள்."

செவ்வாய்க்கிழமை மரியாதையைக் கூட்டிப் பார்த்தார். "எங்கள் மதிப்பிற்குரிய எம்.டி. அவர்கள் பெருந்தன்மையோடு..."

"உங்கள் முதலாளியைப் புகழ்ந்து என் எதிரில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறீர்கள். அப்புறம் குனிவது யார்?"

போன் வைக்கப்பட்டது. அன்று மத்தியானம் திருமாறன் கேன்டீனுக்குச் சாப்பிடப் போனார். எதிர் வரிசையில் இரண்டாம் ஷிஃப்ட்காரர்கள் ரசத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை, ஆளில்லாத மீட்டிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஜப்பான்காரர்கள் போனில் பேசும்போதும் குனிவார்கள். அதைப் பார்த்து எத்தனையோ முறை உள்ளுக்குள் சிரித்தவர்தான். இப்போது போனைக் காதில் வைத்தபடி இடுப்பு வளையக் குனிந்தார்.

"தவறு எங்களுடையது. மன்னித்துவிடுங்கள். இனி ஒவ்வொரு பாகத்தையும் அளந்துதான் அனுப்புவோம்."



"சரி. நாளைக்குப் பார்ப்போம்" என்றார் குரோதா.

போனில் அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அதே கரகரத்த குரலில் குரோதா தமிழில் சொன்னார்: "அம்மா, அடுப்பை அணைம்மா."

திருமாறன் மெதுவாக நிமிர்ந்தார்.

"சென்செய், மூணு நாளும் நீங்களா பேசினது?"

"நானா? மூணு நாளும் இங்க குரோதாதான் சார் இருந்தார். உங்க எம்.டி.தான் இன்னிக்கு உங்க குரல்ல வந்து சேர்ந்தார்."