கால் ஊன்றாமல் நிற்பது

"சிக்னல்ல காலை ஊன்றாம நிக்கிறியேம்மா, அதை எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேட்டார் தேவநேசன்.

ருகையா திரும்பிப் பார்த்தாள். கேட்டவரின் தலை முழுக்க நரைத்திருந்தது. அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

"எதுக்கு சார்?"

நந்தனம் சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது. இருவரும் ஒரே மாதிரியான சைக்கிளில் இருந்தார்கள். அந்தச் சைக்கிளில் சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். மேடோ இறக்கமோ, கால் சும்மா இருக்க முடியாது.

அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தார். அவளுடைய இரண்டு கால்களும் பெடலில் இருந்தன. முதுகில் ரத்த மாதிரிகள் வைத்த பெட்டி. வண்டி நின்ற இடத்திலேயே மெல்ல முன்னும் பின்னும் அசைந்தது.

"வண்டி ஓடுறப்ப எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நிக்கிறப்பதான்."

"நின்னா என்ன?"

"காலை ஊன்றிட்டா வேற வேலை இல்ல. பக்கத்துல பாக்க வேண்டியிருக்கு."

அவள் பக்கத்தில் பார்த்தாள். ஸ்கூட்டரின் பின்னால் இருந்த பெண் கணவனிடம் ஏதோ சொன்னாள். அவன் ஹெல்மெட்டுக்குள் சிரித்தான்.

"ஞாயித்துக்கிழமை இங்கயே வாங்க" என்றாள் ருகையா.

பச்சை விழுந்தது.

*

சின்னமலையில் தேவநேசன் தனியாக இருந்தார். மனைவி இறந்துவிட்டாள். மகன் கனடா போகும்போது சைக்கிளை விட்டுவிட்டுப் போனான். அதில்தான் அவர் தி.நகருக்கு வேலைக்குப் போவார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை.

போன மாதம் பாலத்தில் இறங்கும்போது, பழைய சைக்கிள் ஞாபகத்தில் காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார். பெடல் சுற்றியது. அவரைத் தூக்கி ஓரத்தில் போட்டது.

கட்டுப்போட்ட முழங்கையைக் கடை முதலாளி பார்த்தார்.

"இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா வீட்டோட இருந்துடுங்க சார். சம்பளத்தை அனுப்பிடறேன்."

அன்பாகத்தான் சொன்னார். தேவநேசன் பயந்துபோனார். வீட்டில் அவரோடு பேசுவது, கேஸ் சிலிண்டர் பதிவு செய்யும்போது போனில் வரும் குரல் மட்டும்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை, கடைகள் மூடிய ஒரு தெருவில் ருகையா சொல்லிக் கொடுத்தாள்.

"முன்சக்கரத்தைக் கொஞ்சம் திருப்புங்க. துளி முன்னால போங்க. இப்பக் காலால பெடலைத் தடுங்க. நிக்கணும்னு மட்டும் நினைக்காதீங்க."

"நிக்கத்தானே வந்தேன்?"

"நிக்கிறதும் ஓட்டறதுதான் சார். சின்னதா ஓட்டறது."

அவர் சாய்ந்தார். காலை ஊன்றினார். மறுபடி ஏறினார்.

"உனக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தா?"

"யாரு இருக்கா? ஹாஸ்டல்லேருந்து கிளம்புவேன். லேப் ஜன்னல்ல பெட்டியை நீட்டுவேன். ஒரு கை வந்து வாங்கிக்கும். வளையல் போட்ட கை, வாட்ச் கட்டின கை. இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் கைதான் சார்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வண்டி ஆடியது.

"சிரிக்காதீங்க, விழுந்துடுவீங்க."

*

மழைக்காலம் முடிவதற்குள் தேவநேசன் கற்றுக்கொண்டார்.

சிக்னலில் முன்சக்கரத்தை மட்டும் பார்த்தார். துளி முன்னால், துளி பின்னால். ஸ்கூட்டர்களில் இருந்தவர்கள் அவர் கண்ணில் படவில்லை.

"தாத்தா, சர்க்கஸுக்கு டிக்கெட் எங்க கொடுக்கறாங்க?" என்றான் பின்னால் ஒருவன்.

தேவநேசன் முன்சக்கரத்தை இன்னும் துளி திருப்பினார். பதில் சொன்னால் சாய்ந்துவிடுவார்.

இன்னொரு நாள் ஒரு பெண் கைக்குழந்தையோடு அருகில் வந்தாள். "அண்ணே, ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸு?"

அவருக்குத் தெரியும். அவர் சக்கரத்தைப் பார்த்தபடி இருந்தார். அவள் சற்று நின்றுவிட்டு, ஆட்டோக்காரரிடம் போய்க் கேட்டாள்.

*

வெகுநாள் கழித்து ஒரு காலை, அதே சிக்னலில் ருகையா அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முதுகில் பெட்டி. புதுச் சட்டை போட்டிருந்தாள். மடிப்பு இன்னும் கலையவில்லை.

இருவர் காலும் தரையில் இல்லை.

"பாத்தியாம்மா?" என்றார் தேவநேசன், திரும்பாமலே. "இப்ப எனக்கு யாரும் வேணாம்."

ருகையா கையை நீட்டி அவர் தோளைப் பிடித்தாள்.

சைக்கிள் ஆடியது. முதலாளி சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது.

"என்னம்மா பண்ற? விழுந்துடுவேன்!"

அவள் கையை எடுக்கவில்லை.

"உனக்குத்தான் தனியா நிக்கத் தெரியுமே?"

"நல்லாத் தெரியும் சார்."

"அப்புறம் எதுக்குப் பிடிக்கிற?"

"இன்னிக்குப் பெருநாள் சார். லீவு கிடைக்கல." அவள் எதிரே பார்த்துக்கொண்டு சொன்னாள். "காலையிலேருந்து எல்லாம் கைதான்."

தேவநேசன் சக்கரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

காலை ஊன்றினார்.